செல்போன் நிறுவனத்தைப் புறக்கணிப்பது பயன் தருமா?

விதை முளைக்காவிட்டால் விதைக் கடைக்குச் சென்று கேட்கிறோம். உரத்தில் கலப்படம் இருப்பதாக ஐயம் ஏற்பட்டால் வேளாண்மை அலுவலரிடம் மாதிரி கொடுக்கிறோம். ஆனால் மாதந்தோறும் முன்பணம் கட்டி வாங்கும் செல்போன் சேவையில் குறை நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்று பலருக்கும் தெரிவதில்லை. தெரியாத காரணத்தால் கோபம் வருகிறது. கோபம் வந்ததும், "அந்த நிறுவனமே வேண்டாம்" என்று சிம்மைக் கழற்றி எறிந்து விடுகிறோம்.

இவ்வாறு புறக்கணிப்பதால் நிறுவனம் திருந்துமா? எப்போது திருந்தும்? எப்போது நட்டம் நமக்கே வந்து சேரும்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம். மழை முன்னறிவிப்பு, சந்தை விலை, பயிர்க் காப்பீடு, பி.எம். கிசான் உதவித்தொகை, வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் செல்போன் எண்ணோடு பிணைக்கப்பட்டுவிட்ட இந்நாளில் இது உழவர் பெருமக்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

சென்னை ஒரு செயல்விளக்கத் திடல்

புதிய இரகம் ஒன்றை வட்டாரம் முழுவதும் பரப்பும் முன் ஓரிடத்தில் செயல்விளக்கத் திடல் அமைத்து, அதன் நிறைகுறைகளைக் காண்பது வேளாண் விரிவாக்கத்தில் வழக்கம். தமிழ்நாட்டில் செல்போனுக்கு அத்தகைய திடலாக அமைந்தது சென்னை மாநகரம். 1995இல் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரு நிறுவனங்கள் அங்கு சேவையைத் தொடங்கின. அன்று நாம் பேசுவதற்கு மட்டுமன்றி, நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் ஸ்கைசெல் 2000இல் பார்தி நிறுவனத்திடமும், ஆர்.பி.ஜி. 2003இல் ஏர்செல் நிறுவனத்திடமும் சென்றன. 2003 மே மாதம் முதல்தான் வரும் அழைப்புகள் இலவசமாயின.

சேவை முதலில் வந்த இடத்தில் குறைகளும் முதலில் தோன்றின. மயிலாப்பூர் மாடவீதிகள், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழ்வோர் கணக்குப் பார்த்துச் செலவு செய்பவர்கள். குறை கண்டால் எழுதிக் கேட்கும் பழக்கம் உடையவர்கள். நுகர்வோர் நலனுக்காக 1985 முதல் பணியாற்றி வரும் சி.ஏ.ஜி. என்ற அமைப்பு சென்னையில்தான் இயங்குகிறது. இந்தியாவின் மிகப் பழமையான நுகர்வோர் கூட்டுறவுகளில் ஒன்றான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904இலேயே மயிலாப்பூருக்குப் பக்கத்தில் தோன்றியது. ஆகவே சென்னை நுகர்வோரின் முப்பது ஆண்டு அனுபவத்திலிருந்து ஊர்ப்புறத்தில் உள்ளவர்கள் கற்றுக்கொள்ளப் பலவும் உள்ளன.

குறைகள் யாவை?

செல்போன் பற்றிய மனக்குறைகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சிக்னல் இன்மையும் பேச்சு நடுவே அறுந்து போவதும் ஆகும். இதன் காரணத்தை அறிந்துகொள்வது நல்லது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தூரம் செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் அலைகள் நிறையத் தகவலைச் சுமக்கும். ஆனால் அவற்றின் எட்டும் தூரம் குறைவு, கான்கிரீட் சுவரில் வலுவிழந்துவிடும். மேலும், ஒரு கோபுரத்தின் திறனை அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். வாய்க்காலில் தலைமடைக்காரர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் மடையைத் திறந்தால் கடைமடைக்கு நீர் வராததைப் போன்றதே இது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் தியாகராய நகர் இரங்கநாதன் தெருவில் கூடும் கூட்டத்தை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். கோபுரம் எண்ணிக்கையில் கூடினால்தான் இக்குறை தீரும். தங்கள் மாடியில் கோபுரம் வேண்டாம் என்பவர்களும் வீட்டுக்குள் சிக்னல் வேண்டும் என்பவர்களும் பல இடங்களில் ஒருவரே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது, 28 நாள் கணக்கு. ஆண்டுக்கு 12 மாதங்கள். ஆனால் 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்தால் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட வேண்டும். 199 ரூபாய்த் திட்டத்தில் 12 முறைக்கு 2,388 ரூபாய். 13 முறைக்கு 2,587 ரூபாய். ஒரு மாதக் கட்டணம் நம்மை அறியாமலே கூடிவிடுகிறது.

மூன்றாவது, கேளாத சேவைக்குப் பணம் பிடித்தல். பாட்டு, சோதிடம், நகைச்சுவை என்று ஏதோ ஒரு பெயரில் இருப்புத் தொகை கரைந்துபோன அனுபவம் 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மிகப் பலருக்கு ஏற்பட்டது.

நான்காவது, நேரங்காலமின்றி வரும் விளம்பர அழைப்புகள்.

ஐந்தாவது, கட்டண உயர்வு. அதிலும் எல்லா நிறுவனங்களும் ஒரே வாரத்தில் உயர்த்துவது.

முதல் நான்கிற்கும் விதிமுறைகள் உள்ளன. கேட்டால் தீர்வு கிடைக்கும். ஐந்தாவதுதான் புறக்கணிப்பு வரை கொண்டு செல்கிறது.

2024ஆம் ஆண்டுப் புறக்கணிப்பு

2024 ஜூலை 3, 4 தேதிகளில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. ஜியோவில் 28 நாளுக்கான 155 ரூபாய்த் திட்டம் 189 ரூபாயாகவும், ஏர்டெல்லில் 179 ரூபாய்த் திட்டம் 199 ரூபாயாகவும் ஆயின. 34 ரூபாய் உயர்வு என்பது சிறியதாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கு 13 முறை என்று கணக்கிட்டால் 442 ரூபாய். நான்கு செல்போன் உள்ள குடும்பத்திற்கு 1,768 ரூபாய் கூடுதல் செலவாகும்.

நாடெங்கும் மக்கள் சினமுற்றனர். தனியார் நிறுவனங்களைப் புறக்கணிப்போம், அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்கே திரும்புவோம் என்ற குரல் எழுந்தது. குரல் எழுந்ததோடு நிற்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஜூலை மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்கு ஏறக்குறைய 29 இலட்சம் வாடிக்கையாளர்கள் கூடினர். ஏர்டெல் ஏறக்குறைய 17 இலட்சம் பேரையும், வோடபோன் ஐடியா 14 இலட்சம் பேரையும், ஜியோ 7.5 இலட்சம் பேரையும் இழந்தன. ஆகஸ்டில் பி.எஸ்.என்.எல்.லுக்கு மேலும் 25 இலட்சம் பேர் வந்தனர். செப்டம்பர் முடிவதற்குள் ஜியோ இழந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். இந்திய நுகர்வோர் வரலாற்றில் இது மிகப் பெரிய இடப்பெயர்ச்சிகளில் ஒன்று எனலாம்.

முடிவு என்னவாயிற்று? கட்டணம் குறையவில்லை. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் விலகிய அதே மூன்று மாதங்களில், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து ஜியோவுக்குக் கிடைக்கும் சராசரி மாத வருவாய் 181.70 ரூபாயிலிருந்து 195.10 ரூபாயாக உயர்ந்தது. விலகியவர்களில் பலர் இரண்டாவது சிம்மாக வைத்திருந்ததைக் கைவிட்டவர்கள் என்பதும், தங்கியவர்கள் கூடுதல் கட்டணம் செலுத்தினர் என்பதும் இதற்குக் காரணங்களாகும். பி.எஸ்.என்.எல்.லுக்கு வந்த கூட்டமும் நிலைக்கவில்லை. அப்போது அந்நிறுவனத்தின் 4ஜி வசதி பல இடங்களில் முழுமை பெற்றிருக்கவில்லை. நவம்பர் மாதத்தில் அது மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டவர்களை இழந்தது. ஜியோ 12 இலட்சம் பேரை மீண்டும் சேர்த்தது. ஐந்தே மாதத்தில் வெள்ளம் வடிந்துவிட்டது.

கைவிடல் இரு வகை

ஒரு புதிய முறையை மக்கள் ஏற்பதைப் பற்றி மட்டுமல்லாது, ஏற்றதைக் கைவிடுவதைப் பற்றியும் விரிவாக்கக் கல்வி ஆராய்கிறது. கைவிடல் இரு வகைப்படும். அதைவிட மேலான ஒன்று கிடைத்ததால் கைவிடுவது ஒன்று. வெறுத்துப்போய்க் கைவிடுவது மற்றொன்று. ஏற்றக்கவலையை விட்டு மோட்டாருக்கு வந்தவர் மீண்டும் கவலைக்குத் திரும்பவில்லை. அது முதல் வகை. ஒரு மருந்து கேட்கவில்லை என்று வெறுத்து நிறுத்தியவர், பூச்சி மீண்டும் வந்ததும் அதே கடைக்கே செல்வார். அது இரண்டாம் வகை. 2024இல் நடந்தது பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. வெறுப்பு உண்மையானது, ஆனால் போய்ச் சேர்ந்த இடத்தில் கால் ஊன்ற வசதி போதவில்லை.

இது நமக்குப் புதிய பாடமன்று. வெள்ளையரின் கப்பலில் ஏறாதீர்கள் என்று சொன்ன வ.உ.சிதம்பரம் பிள்ளை அத்துடன் நிற்கவில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தையே தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். புறக்கணிப்பவன் ஏறிச் செல்ல இன்னொரு கப்பல் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். எதிர்த்தரப்பான பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பயணிகளை இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், கூடவே குடை ஒன்று கொடுக்கவும் முன்வந்தது. வ.உ.சி. 1908இல் சிறை சென்றார். 1911இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. போட்டி ஒழிந்த பின் இலவசக் குடைக்கு இடமில்லாமற் போயிற்று.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இலவசப் பேச்சும் இணையமுமாகச் சேவையைத் தொடங்கி, 2017 மார்ச் வரை இலவசத்தை நீட்டித்ததை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அதனால் இணையம் ஏழை எளியவர்க்கும் எட்டியது என்பது உண்மை. கட்டணப் போட்டியில் ஈடுகொடுக்க முடியாமலும், ஏற்கெனவே இருந்த கடன் சுமையாலும் பல நிறுவனங்கள் மூடின அல்லது ஒன்றோடொன்று இணைந்தன என்பதும் உண்மை. பத்துக்கு மேல் இருந்த நிறுவனங்கள் இன்று நான்காகச் சுருங்கிவிட்டன. இலவசக் குடையை வாங்கும்போது அடுத்த மழைக்குக் குடை விற்பவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

பஞ்சாப் உழவர்கள் காட்டியது

உழவர்களே ஒரு செல்போன் நிறுவனத்தைப் புறக்கணித்த நிகழ்ச்சியும் உண்டு. 2020இல் கொண்டுவரப்பட்ட மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் போராடிய உழவர் சங்கங்கள், அந்த டிசம்பரில் ஜியோ சிம்களைக் கைவிடுமாறு அறைகூவல் விடுத்தன. பஞ்சாபில் ஒரே மாதத்தில் அந்நிறுவனம் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை இழந்தது. 2021 சனவரி 4ஆம் நாள், ஒப்பந்த வேளாண்மையில் இறங்கும் எண்ணம் தனக்கு இல்லை என்று ரிலையன்ஸ் நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. குறிக்கோள் தெளிவாக இருந்ததும், சங்கம் கூடி முடிவெடுத்ததும், மாறிச் செல்ல வேறு நிறுவனங்கள் இருந்ததும் இப்புறக்கணிப்புக்கு வலிமை தந்தன.

அதே சமயம் 1,500க்கும் மேற்பட்ட கோபுரங்கள் சேதப்படுத்தப்பட்டன. இது தவறான வழி. கோபுரம் நின்றால் மருத்துவ ஊர்தியை அழைக்க முடியாதவர் நிறுவன முதலாளி அல்லர், அவ்வூர் மக்களேயாவர்.

ஏர்செல் தந்த எச்சரிக்கை

வாடிக்கையாளர் நிறுவனத்தைக் கைவிடுவது போல, நிறுவனமும் வாடிக்கையாளரைக் கைவிட்டுவிடக்கூடும். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கி, சிற்றூர்கள் வரை பரவியிருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் கடன் சுமையில் சிக்கியது. பாக்கித் தொகை காரணமாகக் கோபுர நிறுவனங்கள் சேவையை நிறுத்தின. பிப்ரவரி 21ஆம் நாள் முதல் சென்னையிலும் கோவையிலும் பிற ஊர்களிலும் செல்போன்கள் ஊமையாயின. காட்சியறைகளின் முன் மக்கள் திரண்டனர். சில இடங்களில் காவலர் வர வேண்டியதாயிற்று. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது.

அன்று மக்கள் பட்ட துன்பத்தின் தன்மையைக் கவனிக்க வேண்டும். வேறு நிறுவனத்திற்கு எண்ணை மாற்றிக்கொள்ள ஒரு குறியீட்டு எண் தேவை. அதைப் பெறக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சிக்னலே இல்லாதபோது குறுஞ்செய்தி எவ்வாறு போகும்? அவ்வாறு தவித்தவர்களுக்காக டிராய் தலையிட்டு, குறியீட்டு எண்ணின் செல்லுபடியை 2018 ஏப்ரல் 15 வரை நீட்டித்தது. எண்ணைக் காப்பாற்ற முடியாதவர்கள் வங்கி, ஆதார், சமையல் எரிவாயு என்று ஒவ்வோர் அலுவலகமாக அலைய நேர்ந்தது. கட்டணம் சில நூறு ரூபாய்தான். எண்ணின் மதிப்பு அதைவிடப் பன்மடங்கு என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அதற்கு முன் 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு ஆறு கரைபுரண்டபோதும் சென்னையின் பெரும்பகுதியில் செல்போன்கள் செயலிழந்தன. ஒரே வீட்டில் அனைவரும் ஒரே நிறுவனத்தின் சிம்மை வைத்திருப்பது, நிலம் முழுவதும் ஒரே இரகத்தைப் பயிரிடுவது போன்றது. நோய் வந்தால் எல்லாம் ஒருசேரப் போகும். வீட்டில் இரு வேறு நிறுவனங்களின் இணைப்பு இருப்பது பாதுகாப்பு.

முறையீடு வென்றெடுத்தவை

கோபம் சாதிக்காததைப் பொறுமையான முறையீடு சாதித்திருக்கிறது. சிலவற்றைக் காண்போம்.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 சனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் கையில் உள்ள வலிமையான கருவி இதுவே. கேளாத சேவைக்குப் பணம் பிடிப்பதைத் தடுக்க, வாடிக்கையாளரின் ஒப்புதலை இருமுறை பெற வேண்டும் என்று 2013 ஜூலையில் டிராய் ஆணையிட்டது. 28 நாள் கணக்கைப் பற்றிய புகார்கள் பெருகியதால், 30 நாள் செல்லத்தக்க திட்டம் ஒன்றும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 சனவரியில் விதிக்கப்பட்டது. இணையம் தேவைப்படாதவர் அதற்கும் சேர்த்துப் பணம் கட்டுவது ஏன் என்ற கேள்விக்கு 2024 டிசம்பரில் விடை கிடைத்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் காலவரம்பும் 365 நாள் வரை உயர்த்தப்பட்டது. சாதாரணப் பொத்தான் செல்போன் வைத்திருக்கும் முதியோர்க்கும் வேளாண் தொழிலாளர்க்கும் இது பெரிதும் பயன்படும். ரீசார்ஜ் கடையில் இத்திட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேளாமல் தரமாட்டார்கள்.

தோல்விகளும் உண்டு. அறுந்துபோகும் அழைப்புக்கு ஒரு ரூபாய் வீதம், நாளொன்றுக்கு மூன்று அழைப்பு வரை இழப்பீடு தர வேண்டும் என்று டிராய் 2015இல் விதித்ததை, 2016 மே 11ஆம் நாள் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. எனினும் 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்திற்கு மேல் சேவை முடங்கினால், மாதக் கட்டண வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவும், முன்பணம் கட்டுபவருக்குக் கூடுதல் நாட்களும் தரப்பட வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் முடக்கத்திற்கு இது பொருந்தாது.

மற்றொரு கதவும் திறந்திருக்கிறது. தொலைபேசி வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்க இயலாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இதனால் பதின்மூன்று ஆண்டுகள் பல மனுக்கள் திருப்பி அனுப்பப்பட்டன. 2022 பிப்ரவரி 16ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், செல்போன் சேவை பற்றிய புகாரை நுகர்வோர் ஆணையம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்திவிட்டது.

குறை நேர்ந்தால் செய்ய வேண்டியவை

கீழ்க்காணும் வரிசையில் செல்வது நலம் பயக்கும்.

1. முதலில் 198 என்ற எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். இது கட்டணமற்றது. புகார் எண் ஒன்று தருவார்கள். தேதி, நேரம், புகார் எண் மூன்றையும் குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். புகார் எண் இல்லாத புகார், இரசீது இல்லாத விதை போன்றது.

2. தீர்வு கிடைக்காவிட்டாலோ மனநிறைவு தராவிட்டாலோ 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத வேண்டும். இதற்கும் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும் என்பது விதி.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.

4. டிராய் தனிநபர் புகாரை நேரடியாகத் தீர்ப்பதில்லை. விதி வகுப்பதும் நிறுவனங்களைக் கண்காணிப்பதுமே அதன் பணி. ஆகவே அங்கு எழுதிவிட்டுக் காத்திருப்பதில் பயன் குறைவு.

5. பண இழப்போ கடும் அலைக்கழிப்போ ஏற்பட்டிருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். தாம் வாழும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். ஐந்து இலட்சம் ரூபாய் வரை செலுத்திப் பெற்ற பொருள் அல்லது சேவை பற்றிய மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. குறை நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.

6. கேளாத சேவை சேர்ந்திருந்தால் 155223 என்ற எண் மூலம் நீக்கலாம். விளம்பர அழைப்புகளைத் தடுக்கவும் அவற்றைப் பற்றிப் புகார் செய்யவும் 1909 என்ற எண் உள்ளது.

நிறுவனத்தை மாற்றும்போது

கேட்டும் தீராவிட்டால் மாறுவதே சரி. ஆனால் சிம்மை எறிந்துவிட்டுப் புதிய எண் வாங்குவது முறையன்று. 90 நாட்கள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்படலாம். சில காலம் கழித்து அதே எண் முன்பின் அறியாத வேறொருவருக்கு வழங்கப்படலாம். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. அவர் கைக்குப் போகும். கணக்கில் உள்ள பயிர்க்கடன் தொகையும் காப்பீட்டுத் தொகையும் ஆபத்துக்குள்ளாகும்.

ஆகவே எண்ணைத் தக்கவைத்துக்கொண்டே மாற வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் என்று தட்டச்சிட்டு, இடைவெளி விட்டுத் தம் பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு இலக்கக் குறியீடு வரும். பொதுவாக நான்கு நாட்களுக்குள் அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் அடையாளச் சான்றுடன் கொடுக்க வேண்டும். மூன்று வேலை நாட்களில் மாற்றம் நிகழும். இதற்குத் தற்போதைய நிறுவனத்தில் 90 நாட்கள் இருந்திருக்க வேண்டும். பாக்கி இருக்கக் கூடாது. 2024 ஜூலை முதல், சிம்மை மாற்றி வாங்கிய ஏழு நாட்களுக்குள் குறியீடு வழங்கப்படுவதில்லை. மோசடிக்காரர் நம் எண்ணைத் திருடாதிருக்கவே இவ்வேற்பாடு.

மாறும் முன் மூன்றைப் பார்க்க வேண்டும். வீட்டிலும் வயலிலும் அந்நிறுவனத்தின் சிக்னல் எடுக்கிறதா என்பதை அந்த இணைப்பு வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் செல்போனில் சோதிக்க வேண்டும். நாள் ஒன்றுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைத் திட்டத் தொகையை நாட்களால் வகுத்துக் காண வேண்டும். பழைய எண்ணில் மீதமிருக்கும் நாட்களும் இருப்புத் தொகையும் மாற்றத்துடன் போய்விடும் என்பதால், காலவரம்பு முடியும் தறுவாயில் மாறுவது சிக்கனம்.

கூடிக் கேட்டால் பலன் கூடும்

தனி ஒருவர் விலகுவதை நிறுவனம் கணக்கில் கொள்ளாது. ஒரு தெருவே கேட்டால் கணக்கில் கொள்ளும். அடையாறிலோ மயிலாப்பூரிலோ உள்ள அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், தங்கள் கட்டடத்தில் சிக்னல் அறுபடும் இடம், நேரம், நாள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொருவரின் புகார் எண்ணையும் இணைத்து ஒரே மனுவாக அனுப்பினால் அது ஓர் ஆவணமாகிறது. நுகர்வோர் ஆணையத்திலும் அதற்கு மதிப்பு உண்டு. ஊர்ப்புறத்தில் உழவர் உற்பத்தியாளர் குழுக்களும், கூட்டுறவுச் சங்கங்களும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே முறையைப் பின்பற்றலாம். நூறு உறுப்பினர் உள்ள குழு, நூறு இணைப்புகளையும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் போவதாக எழுத்தில் தெரிவித்து, ஒரு மாதத் தவணை கொடுத்து, பின் சொன்னபடி மாறினால் அது புறக்கணிப்பாகும், வெறும் கோபமன்று.

பி.எஸ்.என்.எல். 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைந்த 4ஜி சேவையை நாடெங்கும் முறைப்படி தொடங்கியிருக்கிறது. தனியார் கட்டணம் உயரும்போது மாறிச் செல்ல உண்மையான மாற்று ஒன்று இருப்பது, அதில் சேராதவர்களுக்கும் நன்மையே. ஊரில் அதன் சிக்னல் எவ்வாறு இருக்கிறது என்பதை இப்போதே சோதித்து வைப்பது நல்லது. கட்டணம் உயர்ந்த பின் கோபத்தில் ஓடுவதைவிட, உயரும் முன் அறிந்து வைத்திருப்பதே அறிவுடைமை.

புறக்கணிப்பு என்பது கூர்மையான அரிவாள். பயிர் முற்றிய பின், அறுத்ததைச் சேர்க்கக் களம் தயாரான பின் எடுத்தால் பயன் தரும். களமின்றி அறுத்தால் கதிர் மண்ணில் சிந்தும். ஆகவே முதலில் எழுத்தில் புகார், அடுத்து மேல்முறையீடு, பின்னர் கூட்டு மனு, அதற்கும் செவிசாய்க்காவிட்டால் எண்ணைக் கைவிடாமல் நிறுவனத்தை மட்டும் கைவிடுதல். இவ்வரிசையைக் கடைப்பிடித்தால் உழவர் பெருமக்கள் கட்டும் பணத்திற்கு உரிய சேவையைப் பெறலாம்.

இன்றைக்கே செய்யத்தக்க வேலை ஒன்று உண்டு. வீட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணும் யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது, அடுத்த ரீசார்ஜ் எந்தத் தேதியில் என்று பட்டாப் புத்தகம் வைத்திருக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். தம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். அறியாத எண் இருந்தால் அங்கேயே தெரிவித்து நீக்கக் கோரலாம்.